எல்லோருக்கும் பதினெட்டு

எங்கள் வார்டுக்கு அந்தக் கணினி வந்து இறங்கிய அன்றே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டோம். காரணம் இருக்கிறது. முப்பது நோயாளிகள் மின்விசிறிக் காற்றில் வேர்த்துக் கிடக்க, அதற்கு மட்டும் தனி அறை, தனி ஏசி. அதன்மேல் தூசு படக்கூடாது, பக்கத்தில் டீ வைக்கக்கூடாது, அதைப் பற்றி முகம் சுளித்து ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாது. அது எதைச் சொன்னாலும் பெரிய டாக்டர் தலையாட்டுவார். இருபத்தாறு வருஷமாக இந்த வார்டில் இருக்கிறேன், அதில் பதினோரு வருஷம் ஹெட் நர்ஸாக. என் பேச்சுக்கு அவர் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் வேலை லேசானது. ஒவ்வொரு நோயாளியின் காய்ச்சல், நாடி, பிரஷர், ஆக்சிஜன், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை எல்லாம் நாங்கள் டேப்லெட்டில் தட்டிவிட வேண்டும். அது கணக்குப் போட்டு, திரையில் அந்தக் கட்டில் எண்ணுக்கு ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கண் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் செருப்பு மாட்டக்கூட நிற்காமல் ஓட வேண்டும். அதே நிறங்கள் டாக்டர்களின் செல்போனிலும் தெரியும்.

அதைக் கொண்டுவந்து பூட்டியவள் ஒரு சாஃப்ட்வேர் பெண். முகத்தில் பாதியை மறைக்கும் கண்ணாடி போட்டிருந்ததால் அவள் எங்களுக்குக் கண்ணாடிக்காரி ஆனாள். வந்த முதல் நாளே என் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினாள்.

"சிஸ்டர், இதுக்கு நான் எதையும் சொல்லிக்குடுக்கல. உங்க வார்டோட எட்டு வருஷ ரெக்கார்டை அப்படியே படிக்கக் குடுத்தோம். யாருக்கு என்ன இருந்துச்சு, அடுத்து என்ன ஆச்சுன்னு பாத்துப் பாத்து அதுவே கத்துக்கிச்சு. ஒரு விதத்துல இதுக்கு டீச்சரே நீங்கதான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடம் இதை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

குறை சொல்லக்கூடாது, மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான். இரண்டாவது வாரத்தில் ஒன்பதாம் கட்டில்காரரை மஞ்சளாகக் காட்டியது. அவரோ எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்குது பார்" என்று சிரித்தோம். மூன்று மணி நேரத்தில் அவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. முன்கூட்டியே ரத்தம் எடுத்து அனுப்பியிருந்ததால் தப்பினார். அதன்பிறகு நாங்கள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டோம். ஷிஃப்ட் முடியும்போது எழுத வேண்டிய குறிப்புகளையும் அதுவே எழுதித் தள்ளியது. பல வருஷங்களுக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சலுக்குக் கருவி இருக்கிறது, பிரஷருக்கு இருக்கிறது, நாடிக்கும் ஆக்சிஜனுக்கும் விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒருவர் கட்டிலருகே நின்று, கடிகாரத்தைப் பார்த்து, நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். முப்பது கட்டிலுக்கு முப்பது நிமிடம். ஒரு ஷிஃப்டுக்கு மூன்று முறை. இரண்டே நர்ஸுகள். எந்தப் புண்ணியவான் இந்தக் கணக்கைப் போட்டானோ, அவன் ஒரு நாளாவது எங்களோடு வந்து நின்றிருக்க மாட்டான்.

அதனால் நாங்கள் மூச்சை எண்ணுவதில்லை, நிரப்புவோம். எங்கள் வார்டில் அதற்கு அதுதான் சொல். மற்றதெல்லாம் முடிந்தபின் ஒருத்தி உட்கார்ந்து, மூச்சுக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை பதினெட்டு பதினெட்டு என்று போட்டுக்கொண்டே போவாள். நான் புதிதாக வந்தபோது எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு நானும் அப்படித்தான் சொல்லித் தந்தேன். டாக்டர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அந்தக் கட்டத்தை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் பொய் எழுதினோம், அவர்கள் படிக்கவில்லை, காரியம் சுமுகமாக நடந்தது.

மூன்றாவது மாதம் கண்ணாடிக்காரி துள்ளிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர், பெரிய அதிசயம்! மூச்சு எண்ணிக்கைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கு. புத்தகத்துலல்லாம் மூச்சுதான் முதல் எச்சரிக்கைன்னு போட்டிருக்கு. உங்க வார்டுல பொழைச்சவங்களும் பதினெட்டு, இறந்துபோனவங்களும் பதினெட்டு. அதனால அது மூச்சைக் கணக்குலயே சேர்த்துக்கறதில்ல. நான் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதப்போறேன்."

என் கையில் டீ இருந்தது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். "அதிசயமும் இல்லை, ஒன்றும் இல்லை, நாங்கள் எண்ணுவதில்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாளே, அந்தப் பெருமை நாக்கைக் கட்டிப்போட்டது. "அப்படியாம்மா, நல்லா எழுது" என்றேன். டீயைக் குடித்தேன். சூடே இல்லை.

அடுத்த மாதம் என் நாத்தனார் பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் செய்துகொண்டு, எங்கள் வார்டில் பதினான்காம் கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் என் கணவரின் தங்கை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு பிரேக் போடுவதுதான் தொழில். வீட்டுக்கு வந்தால் எனக்கு பிரேக் போடுவாள். நான் வெங்காயம் நறுக்கும் விதம், திரைச்சீலையின் நிறம், பிள்ளைகள் வேலைக்குப் போன ஊர், எதையும் விட மாட்டாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் பேச்சுக்கு நடுவே நான் புகுந்ததே இல்லை, ஏனென்றால் அதில் நடு என்று ஒன்று கிடையாது.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. இரண்டாம் நாளே மாப்பிள்ளைக்கு சர்டிஃபிகேட் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். கட்டிலருகே ஒரு சின்னத் திரை உண்டு. அதில் அது மூன்று மணிக்கொரு தரம், "எப்படி இருக்கிறீர்கள்? வலி இருக்கிறதா?" என்று கேட்கும்.

"அண்ணி, உங்க மாப்பிள்ளை உங்களைவிடத் தேவலாம். என்னமா விசாரிக்குது! நீங்க இந்த இருபத்தஞ்சு வருஷத்துல என்னை ஒருதரம் எப்படி இருக்கேன்னு கேட்டிருப்பீங்களா?"

"கேக்கறதுக்கு நீ எங்க இடம் குடுத்த?" என்றேன். பக்கத்துக் கட்டில்காரி தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

மூன்றாம் நாள் மதியம், பார்வையாளர் நேரம். என் கணவர் வீட்டிலிருந்து துணிமணி எடுத்து வந்திருந்தார். அலமாரியில் கைக்குக் கிடைத்த ஒரு புதுத் துண்டை எடுத்துவந்திருக்கிறார். அதை விரித்து நாத்தனாரின் தோளில் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் அவள் எனக்குப் பரிசாகக் கொடுத்த துண்டு அது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. தொலைந்தேன் என்று நினைத்து, வரப்போகும் மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் குடுத்த துண்டை," என்றாள். நிறுத்தினாள். "பிரிக்காமயே வச்சிருந்து," மறுபடி நிறுத்தினாள். "எனக்கே போத்துறீங்களா."

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

என் கணவர் பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டார். நான் கட்டிலை நெருங்கினேன். இந்தத் துண்டு ஒன்றை வைத்தே அவள் என் மாமியார் காலத்திலிருந்து ஆரம்பித்து ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டக்கூடியவள். இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் ஏன் நிற்கிறாள்? முகத்தைப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. கழுத்துக் குழியைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணி அப்படி பாக்கறீங்க?"

"பேசாம படு."

கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒரு மனுஷியின் நெஞ்சை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்து நான் கடைசியாக எண்ணியது எப்போது என்று நினைவில்லை. எவ்வளவு நீளமான நேரம் அது! முப்பத்திநான்கு வந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு.

டேப்லெட்டை எடுத்தேன். ஒரு மணிக்கு எங்கள் புது நர்ஸ், அடக்கமான நல்ல பெண், நான் சொல்லித்தந்தபடியே பதினெட்டு நிரப்பிவைத்திருந்தாள். நான் முப்பத்தாறு என்று தட்டினேன். திரையில் பவ்யமாக ஒரு பெட்டி வந்தது. "இந்த எண் இந்த வார்டுக்கு வழக்கமானதல்ல. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். 18 எனத் திருத்தவா?"

வேண்டாம் என்று அழுத்தினேன். "நன்றி" என்றது. பதினான்காம் எண் பச்சையிலேயே இருந்தது.

டூட்டி டாக்டர் பக்கத்துக் கட்டிடத்தில் ரவுண்ட்ஸில் இருந்தார். போன் போட்டேன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவர், எங்கள் எல்லோரையும்விட மாப்பிள்ளையை நம்புகிறவர்.

"பச்சைதானே சிஸ்டர் காட்டுது? நாடி எண்பத்தெட்டு, ஆக்சிஜன் தொண்ணூத்திநாலு. ஆபரேஷன் வலியில கொஞ்சம் வேகமா மூச்சு விடுவாங்க. உங்க சொந்தக்காரங்கங்கறதால உங்களுக்குப் பயம். ரவுண்ட்ஸ முடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"மூச்சு முப்பத்தாறு டாக்டர்."

"அதைத்தான் அது கணக்குலயே எடுத்துக்கறதில்லையே. நம்ம வார்டுல மூச்சுக்கும் சீரியஸுக்கும் சம்பந்தம் இல்லன்னு நிரூபிச்சிருக்காங்க, தெரியும்ல?"

எனக்குத் தெரியாதா! அதை நிரூபித்துக் கொடுத்தவளே நான்தானே.

என்னைச் சுற்றி இரண்டு நர்ஸுகள் நின்றார்கள். என் கணவர் நின்றார். கட்டிலில் கிடந்தவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் இருபத்தாறு வருஷப் பெயர் போகும், ஹெட் நர்ஸ் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அந்த ஒரு மணி நேரம் அவளிடம் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடிக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

"டாக்டர், அது மூச்சை ஏன் எடுத்துக்கறதில்லன்னா, நாங்க மூச்சை எண்ணுனதே இல்ல. எட்டு வருஷமா அந்தக் கட்டத்துல இருக்கறது பூரா பொய். நான் எழுதுன பொய், இந்தப் பொண்ணுங்களை நான் எழுத வச்ச பொய். அதைப் படிச்சுத்தான் அது கத்துக்கிச்சு. இப்ப கடிகாரத்தை வச்சுக்கிட்டு ரெண்டு தரம் எண்ணியிருக்கேன். நீங்க உடனே வரணும்."

 "வர்றேன்" என்றார். நான்கு நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து நின்றார்.

நுரையீரலில் ரத்தக்கட்டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது. அவள் பிரஷருக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரை நாடியை ஏறவிடாமல் பிடித்துவைத்திருந்தது. உடம்பு கொடுத்த ஒரே எச்சரிக்கை மூச்சுதான். ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது ஆக்சிஜன் மாஸ்கை விலக்கி, "துண்டு விஷயம்... இன்னும் முடியல" என்றாள். நான் லிஃப்ட் வாசலில் நின்று அழுதேன். அவள் திட்டுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

நான்கு நாள் கழித்துப் பெரிய டாக்டர் அறையில் பஞ்சாயத்து. நான், டூட்டி டாக்டர், கண்ணாடிக்காரி. அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள், கண் சிவந்திருந்தது.

"கட்டுரையை அனுப்பிட்டேன் சிஸ்டர்" என்றாள் என்னிடம். அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பெரிய டாக்டருக்கு ஆஸ்பத்திரியின் பெயர்தான் கவலை. "இதைப் பெருசாக்க வேண்டாம். மெஷின் தப்பா காட்டிடுச்சுன்னு எழுதிடலாம். மெஷின்னா தப்பு வரத்தான் செய்யும். சிஸ்டருக்கும் பிரச்சினை இல்ல."

எவ்வளவு வசதியான வழி! மாப்பிள்ளைக்கு ரோஷம் கிடையாது, கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகாது. நான் சம்மதித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அதற்குள் கண்ணாடிக்காரி நிமிர்ந்தாள்.

"அது தப்பு பண்ணல சார். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? அந்தக் கட்டத்தை இந்த ஆஸ்பத்திரியில யாருமே நம்பல. எழுதுனவங்களும் நம்பல, கையெழுத்துப் போட்டவங்களும் நம்பல. வரி விடாம படிச்சு நம்புனது அது ஒண்ணுதான். நானும் அப்படித்தான். நேர்ல வந்து ஒரு தரம் கூட நின்னு பாக்கல, அது என் தப்பு."

கையெழுத்துப் போட்டவர் பெரிய டாக்டர். அவர் மேஜை விரிப்பைச் சரிசெய்தார். மற்ற வார்டுகளில் எப்படி என்று டூட்டி டாக்டர் அப்பாவியாகக் கேட்க, கண்ணாடிக்காரி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். இதய வார்டில் அத்தனை பேருக்கும் இருபது. எலும்பு வார்டில் அத்தனை பேருக்கும் பதினாறு. அவரவர் வார்டுக்கு அவரவர் மூச்சு. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க வெகு பாடுபட்டேன்.

"மெஷின் தப்புன்னு எழுதாதீங்க சார்" என்றேன். "என் பேரை எழுதுங்க."

எழுதினார்கள். ஹெட் நர்ஸ் பதவி போனது. மூச்சை மட்டும் கணக்கெடுக்க ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் கூடுதலாகக் கிடைத்தாள். பத்து வருஷம் கேட்டுக் கிடைக்காத ஆள், ஒரு பொய் உடைந்ததும் கிடைத்தாள். மாப்பிள்ளையின் பழைய படிப்பை அழித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு உண்மையான எண்ணாகப் போட்டு மறுபடி படிக்கவைப்பது என்று முடிவானது. முதல் வகுப்பில் சேர்ந்த மாதிரி அது ஒவ்வொரு எண்ணுக்கும் திணறியது. நாங்களும்தான் திணறினோம்.

நாத்தனார் வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. என் கணவர் பில் கட்டப் போயிருந்தார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். துண்டுக் கதை ஏற்கெனவே இரண்டு தவணையாக நடந்து முடிந்திருந்தது. இன்னும் எதையோ மிச்சம் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"அண்ணி, நீங்க போன்ல சொன்னதெல்லாம் நான் கேட்டேன். என் உயிரு உங்களாலதான் நின்னுச்சு. அதை நான் சாகற வரைக்கும் சொல்லுவேன்."

"சொல்லாட்டி என்ன? செருப்பை மாட்டு."

"இல்ல, ஒண்ணு கேக்கணும். திட்டல, சும்மாதான் கேக்கறேன்." அவள் குரல் தணிந்திருந்தது. "நான் உங்க நாத்தனார். நான் வழக்கமா எப்படிப் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியும், அதனால கண்டுபிடிச்சீங்க. உங்க நாத்தனாரா இல்லாதவங்க எத்தனை பேர் அண்ணி இந்த வார்டுல படுத்திருந்திருப்பாங்க?"

பை என் கையிலேயே இருந்தது. அவள் என் கையைத் தொட்டு, "விடுங்க, போகலாம்" என்றாள். வாசல்வரை போய் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் ஏசி அறைக்குப் போனேன்.

கண்ணாடிக்காரி அங்கே இருந்தாள். பழைய ரெக்கார்டுகளில் தேடி, நாங்கள் எண்ணியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் யாராவது உண்டா என்று பார்த்துச் சொல்ல முடியுமா எனக் கேட்டேன்.

"முடியாது சிஸ்டர்" என்றாள். "அதைச் சொல்லணும்னா அவங்க மூச்சு அப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு தெரியணும். எந்த மெஷினாலயும் அதை இனிமே கண்டுபிடிக்க முடியாது."

"பரவால்ல, அந்தப் பட்டியலை மட்டும் காட்டு."

அவள் யோசித்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். எட்டு வருஷத்தில் எங்கள் வார்டில் இறந்துபோனவர்கள் இருநூற்றுப் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் சாவதற்கு முன் கடைசியாகப் பதிவான மூச்சு, ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினெட்டு. சிலரை எனக்கு ஞாபகம் இருந்தது. ஒருவர் தினமும் என்னிடம் குறுக்கெழுத்துக்கு விடை கேட்பார். ஒருத்தி மகளின் பிரசவத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, 'எண்ணியவர்'. அதில் எண்பத்தேழு வரிகளில் என் பெயர் இருந்தது.